மூலம் இல்லாத நகல்கள்: கிரேக்கப் பெண்தெய்வச் சிலைகளும் ரோமானியச் சிற்பிகளும்

கேள்வி இதுதான்: ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அப்ரோடைட்டி, அதீனா, ஆர்ட்டெமிஸ் முதலிய கிரேக்கப் பெண்தெய்வங்களின் பளிங்குச் சிலைகளுக்குக் கீழே ‘கிரேக்க மூலத்தின் ரோமானிய நகல்’ என்றே பெரும்பாலும் எழுதியிருக்கிறது. அப்படியானால் மூலம் எங்கே போயிற்று, மூலமே கையில் இல்லாதபோது இது நகல்தான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், இந்த நகலைப் பார்த்தவர் பிராக்சிட்டலீஸ் போன்ற பெரும் கிரேக்கச் சிற்பியின் கைவண்ணத்தைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறேன். நல்ல நகல் ஒன்றைப் பார்த்தவர் மூலச்சிலை நின்ற வாகையும், உடல் எடை எந்தக் காலில் இறங்கியது என்பதையும், உடையின் பெருமடிப்புகள் விழுந்த விதத்தையும் ஓரளவு நம்பிக்கையோடு அறிந்துகொள்ளலாம். தோலின் மென்மை, முகத்தின் உயிர்ப்பு, மேலே பூசியிருந்த வண்ணம் ஆகியவற்றை அவர் பார்க்கவில்லை. பல சமயங்களில் கைகளையும் பார்க்கவில்லை. அவர் பார்த்த கைகள் 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி ஒருவர் ஒட்டவைத்தவையாக இருக்கக்கூடும். எல்லாச் சிலைகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. 1820-இல் மீலோஸ் தீவில் கிடைத்து இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற ‘மிலோ வீனஸ்’ (வீனஸ் என்பது அப்ரோடைட்டிக்கு ரோமானியர் வழங்கிய பெயர்) ரோமானிய நகல் அன்று. கிரேக்கச் சிற்பியே செதுக்கிய மூலம்.

மூலங்கள் அழிந்ததற்குப் பெரிய காரணம் அவை செய்யப்பட்ட பொருளே. கிரேக்கச் சிற்பிகளின் பெயர்பெற்ற படைப்புகளில் பெரும்பகுதி வெண்கலத்தால் ஆனவை. போர் வந்தாலும் பஞ்சம் வந்தாலும் வெண்கலத்தை உருக்கினால் காசாகும், ஆயுதமாகும். தப்பியவற்றில் பல கடலுக்கு அடியில் கிடந்தவை. தங்கச் சிலைகளின் கதியைச் சொல்லவே வேண்டாம். பளிங்குக்கும் ஓர் எமன் இருந்தது: சுண்ணாம்புக் காளவாய். கோயில்கள் கைவிடப்பட்ட பிறகு, பழைய பளிங்கு என்பது ஊரார் கண்ணுக்குச் சுண்ணாம்பாக நீற்றிக் கட்டடம் கட்டுவதற்கு வாகான கல் மட்டுமே.

நகல்கள் பிழைத்ததற்குக் காரணம் அவற்றின் எண்ணிக்கை. கி.மு. 212-இல் ரோமானியத் தளபதி மார்செல்லஸ் சிராக்யூஸ் நகரைக் கைப்பற்றியபோதும், கி.மு. 146-இல் இன்னொரு தளபதி மும்மியஸ் கொரிந்தைச் சூறையாடியபோதும், கிரேக்கச் சிலைகள் கப்பல் கப்பலாக ரோமுக்குப் போயின. மும்மியஸுக்குக் கலை தெரியாது என்பதற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் வெல்லெயஸ் ஒரு கதை சொல்கிறார். பழம்பெரும் ஆசான்களின் ஓவியங்களையும் சிலைகளையும் ஏற்றிச்செல்ல ஒப்பந்தம் செய்தவர்களிடம், “வழியில் தொலைத்துவிட்டால் புதிதாகச் செய்துதர வேண்டும்” என்று அவர் எச்சரித்தாராம். ஆனால் அடுத்த இரண்டு தலைமுறைகளுக்குள் ரோமானியச் செல்வந்தர்களின் மாளிகைகளிலும் தோட்டங்களிலும் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். கொள்ளையடித்து வந்த மூலங்கள் எல்லாருக்கும் போதவில்லை, எனவே புதிதாகச் செய்தார்கள். ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ தம் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதங்களில், டஸ்குலம் மாளிகைக்குக் கிரேக்கத்திலிருந்து சிலைகள் வாங்கி அனுப்பும்படி திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஹெர்மெஸும் அதீனாவும் இணைந்த தூண்சிலை ஒன்று வந்துசேர்ந்ததும் மகிழ்ந்துபோகிறார். வேறொரு நண்பர் அவருக்காக மதுக்கடவுளின் தோழியர் சிலைகளையும் போர்க்கடவுள் மார்ஸின் சிலையையும் வாங்கிவிட்டபோது, அமைதியை வலியுறுத்தும் தமக்கு மார்ஸ் எதற்கு என்று கடிந்துகொள்கிறார். எந்தச் சிற்பி செய்தது என்பதைவிட எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதே அவருடைய கவலை. பின்னால் சொல்லப்போகும் ஒன்றுக்கு இது முக்கியம்.

நகல் எடுத்த முறையைப் பற்றி நமக்கு நல்ல சான்றுகள் உண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் லூசியன் தம் நகைச்சுவை உரையாடல் ஒன்றில், ஏதென்ஸ் சந்தைத் திடலில் நின்ற ஹெர்மெஸ் சிலை நாள்தோறும் சிற்பிகள் அச்செடுப்பதால் கீல் அப்பியே கிடக்கிறது என்று எழுதுகிறார். இது வெறும் கேலி அன்று என்பது 1954-இல் உறுதியாயிற்று. நேப்பிள்ஸ் அருகே பாயே என்ற பழைய உல்லாச நகரின் இடிபாடுகளில் நானூற்றுக்கும் மேற்பட்ட பிளாஸ்டர் துண்டுகள் கிடைத்தன. அவை கிரேக்க வெண்கலச் சிலைகளிலிருந்து நேரடியாக எடுத்த அச்சுகளைக் கொண்டு வார்த்தவை; அங்கே இருந்த சிற்பக்கூடம் ஒன்றின் மாதிரிகள். ஏதென்ஸின் கொடுங்கோலன் ஹிப்பியஸின் தம்பியைக் கொன்றவர்களில் ஒருவரான அரிஸ்டோகெய்ட்டனின் முகமும், அமேசான் வீராங்கனைகளின் உறுப்புகளும், ‘வெல்லெட்ரி அதீனா’ என்ற வகையின் துண்டுகளும் அவற்றில் அடையாளம் காணப்பட்டன. பிளாஸ்டர் மாதிரி கையில் இருந்தால், அதன்மேல் சில புள்ளிகளைக் குறித்து, அளவுகோலும் தூக்குநூலும் கொண்டு அந்தப் புள்ளிகளின் ஆழத்தைப் பளிங்குக் கட்டிக்கு மாற்றலாம். பாதியில் கைவிடப்பட்ட சில சிலைகளில், அளவெடுக்க விட்டுவைத்த சிறு கல்முண்டுகள் செதுக்கி எடுக்கப்படாமல் அப்படியே நிற்பதை இன்றும் காணலாம்.

வெண்கலத்திலிருந்து பளிங்குக்கு மாறும்போது ஒரு சிக்கல் எழுகிறது. உள்ளே பொள்ளலான வெண்கலம் இரண்டு கணுக்கால்களில் நின்றுவிடும், நீட்டிய கையையும் தாங்கும். பளிங்கு தன் எடையாலேயே முறியும். அதனால்தான் நகல்களில் காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டை, ஒரு தூண், ஒரு டால்ஃபின் என்று ஏதாவதொரு முட்டு முளைக்கிறது. இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் இடையே சிறு கல்தண்டு ஓடுகிறது. முட்டு இருந்தாலே மூலம் வெண்கலம் என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மைதான். இனி சொல்லப்போகும் சிலை அந்த விதிக்கு அடங்காதது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிராக்சிட்டலீஸ் பளிங்கில் செதுக்கிய க்னிடோஸ் அப்ரோடைட்டி, பெண்தெய்வத்தை ஆளுயரப் பளிங்கில் முழு நிர்வாணமாகக் காட்டிய முதல் பெருஞ்சிலையாகக் கருதப்படுகிறது. கி.பி. 1-ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்வதன்படி பிராக்சிட்டலீஸ் இரண்டு அப்ரோடைட்டிகளை ஒரே நேரத்தில் விற்பனைக்கு வைத்தார். ஒன்று ஆடை அணிந்தது, மற்றது அணியாதது. கோஸ் தீவினர் ஒழுக்கமானது என்று ஆடை அணிந்ததை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒதுக்கியதைக் க்னிடோஸ் நகரத்தார் வாங்கினார்கள். பிற்பாடு நிகோமீடிஸ் என்ற அரசர் அந்தச் சிலையைக் கொடுத்தால் நகரத்தின் கடன் முழுவதையும் தாமே அடைப்பதாகச் சொல்லியும் க்னிடோஸ் மறுத்துவிட்டது. அச்சிலையைக் காண்பதற்காகவே பலர் கடல் கடந்து சென்றார்கள் என்கிறார் பிளினி. மூலம் பிறகு கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டுபோகப்பட்டு, லௌசோஸ் என்ற அரண்மனை அதிகாரியின் சேகரிப்பில் இருந்ததாகவும், 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூண்ட தீயில் அழிந்ததாகவும் பைசாந்திய எழுத்தாளர்கள் கூறுகிறார்கள்.

அழிந்த சிலை எப்படி இருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது ஒரு செப்புக்காசு. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேரரசர் காரகல்லாவும் அவர் மனைவி பிளாட்டில்லாவும் இடம்பெறும்படி க்னிடோஸ் நகரம் அடித்த காசின் பின்புறத்தில் ஒரு நிர்வாணப் பெண் உருவம் நிற்கிறது. வலக்கை முன்னால் மறைக்க, இடக்கை ஓர் ஆடையைப் பிடித்திருக்க, அந்த ஆடை ஒரு நீர்க்குடத்தின் மேல் விழுகிறது. நகரம் தன் காசில் பொறிக்க வேறு எந்தச் சிலையைத் தேடப்போகிறது? இந்த நிலையைக் கண்டுகொண்ட பிறகு, அதே வலக்கை, அதே குடம், அதே ஆடை கொண்ட பளிங்குச் சிலைகள் பல இடங்களில் ஏற்கெனவே இருப்பது தெரியவந்தது. அந்த ஆடையும் குடமும்தாம் இங்கே முட்டு. ஆனால் இது நகலெடுத்தவர் சேர்த்த முட்டு அன்று; நீராட வந்த தெய்வம் களைந்த ஆடையாகவும் இடப்பக்கத்தைத் தாங்கும் கல்லாகவும் ஒரே சமயத்தில் அமையும்படி பிராக்சிட்டலீஸே எண்ணிச் செய்தது. கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டிய இடம் இது.

இந்த வகையில் மூலத்துக்கு மிக நெருக்கமானது என்று பலரும் ஒப்புக்கொள்வது வாட்டிகனில் உள்ள ‘கொலோன்னா வீனஸ்’. அதன் கால்களைச் சுற்றி வாட்டிகன் ஒரு தகரப் பாவாடையை மாட்டிவைத்திருந்தது. 1932-இல்தான் அதைக் கழற்றினார்கள். ரோமின் அல்டெம்ப்ஸ் மாளிகையில் உள்ள லுடோவிசி சேகரிப்புச் சிலையோ வேறு ரகம். அதில் பழமையானவை உடற்பகுதியும் தொடைகளும் மட்டுமே. தலை, கைகள், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி, ஆடை எல்லாம் 17-ஆம் நூற்றாண்டில் இப்போலிட்டோ புட்ஸி சேர்த்தவை. தெரியாமல் அந்த முகத்தைப் பார்த்து பிராக்சிட்டலீஸின் முகபாவம் என்று உருகினால், உருகுவது புட்ஸிக்கு. வண்ணத்தைப் பொறுத்தவரை எல்லா நகல்களும் நமக்கு ஏமாற்றமே. தம் பளிங்குச் சிலைகளில் எவை சிறந்தவை என்று கேட்டபோது, ஓவியர் நிக்கியாஸ் வண்ணம் பூசியவை என்று பிராக்சிட்டலீஸ் சொன்னதாகப் பிளினி குறித்திருக்கிறார். வெள்ளை வெளேரென்ற தெய்வம் மழையும் மண்ணும் காலமும் சேர்ந்து செய்தது.

ஒரு சிலையைப் பற்றி இவ்வளவு திடமாகப் பேச முடிவது மூன்று சான்றுகள் ஒன்றுகூடுவதால்: பழைய நூலில் ஒரு வருணனை, நகரக் காசில் ஓர் உருவம், ஒன்றையொன்று ஒத்த பல நகல்கள். மூன்றும் இப்படிக் கூடிவருவது அரிது. பார்த்தனன் கோயிலின் அதீனாவுக்கு அது இன்னொரு வகையில் கூடிவந்தது. கி.மு. 438-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையை ஏதென்ஸ் சிற்பி ஃபீடியாஸ் தங்கத்தாலும் தந்தத்தாலும் செய்தார். அதன் உயரம் 26 முழம் என்கிறார் பிளினி. இன்றைய அளவில் 11 மீட்டருக்கு மேல் வரும். கழற்றி எடுக்கத்தக்கதாக அதில் பொருத்தியிருந்த தங்கம் 40 தாலந்து என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். அது ஏறத்தாழ ஒரு டன். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லாகரெஸ் என்ற கொடுங்கோலன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க அந்தத் தங்கத்தை உரித்தெடுத்தான் என்பது பழைய செய்தி.

இத்தகைய சிலைக்கு அச்செடுக்க முடியாது. அதே பொருளில் நகல் செய்யவும் எவருக்கும் வசதியில்லை. எனவே சிறிதாக்கினார்கள். 1880-இல் ஏதென்ஸில் வர்வாக்கியோன் பள்ளியருகே கிடைத்து, இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பளிங்கு அதீனாவின் உயரம் பீடத்தோடு சேர்த்து 1.05 மீட்டர்தான். கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தலைக்கவசத்தின் நடுவே ஸ்ஃபிங்ஸ், மார்பில் மெடூசாவின் தலை, வலக்கையில் வெற்றித்தெய்வம் நைக்கி, இடப்பக்கம் கேடயம், அதன் உள்வளைவில் பாம்பு என்று, கி.பி. 2-ஆம் நூற்றாண்டு கிரேக்கப் பயணி பவுசானியஸ் நேரில் பார்த்து எழுதிவைத்த அடையாளங்களில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. கலையழகு என்று பார்த்தால் சாதாரண வேலைதான். முகம் மொழுக்கென்று இருக்கிறது. ஆனால் ஆவணம் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. நைக்கி நிற்கும் கையின் கீழே இதில் ஒரு தூண் இருக்கிறது. ஃபீடியாஸின் மூலத்திலும் அந்தத் தூண் இருந்ததா, பளிங்குக்கு வேண்டும் என்று நகலெடுத்தவர் நட்டதா என்ற வாதம் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. பவுசானியஸ் தூணைக் குறிப்பிடவில்லை. ஆனால் ஏறத்தாழ ஆளுயரமான நைக்கியை எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிய கையில் நிறுத்துவது மரச்சட்டகத்துக்கும் எளிதன்று என்பதால், மூலத்திலேயே, தொடக்கத்திலோ பின்னால் பழுதுபார்த்தபோதோ, தூண் வந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வர்வாக்கியோன் சிலையின் கேடயத்தின் வெளிப்புறத்தில் அமேசான் போர்க் காட்சி இல்லை; அதற்கு வேறு சான்றுகளைத் தேட வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஸ்ட்ராங்ஃபோர்ட் கேடயம்’ என்ற பளிங்குத் துண்டில் அந்தப் போர் இருக்கிறது. அங்கே வழுக்கைத் தலையர் ஒருவர் இரு கைகளையும் தலைக்கு மேல் ஓங்கி நிற்கிறார். ஃபீடியாஸ் தம்மையே கல்லெறியும் வழுக்கைக் கிழவராகக் கேடயத்தில் பொறித்துவிட்டார் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதைக்கு இந்த உருவத்தையே காட்டுகிறார்கள். இதே போர்க்காட்சியின் இணைகளைத் தனித்தனியாகப் பிரித்து, பெரிதாக்கி, சுவர் அலங்காரப் பலகைகளாகச் செதுக்கி ஏற்றுமதிக்கு வைத்திருந்தார்கள்; கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பலகைகள் 1930-இல் பிரேயஸ் துறைமுகத்தின் அடியிலிருந்து வெளிவந்தன. தெய்வத்தின் கேடயத்தில் இருந்தது யாரோ ஒருவருடைய சுவருக்குப் போக இருந்தது.

நகலெடுத்தவர்கள் ரோமானியர்கள் மட்டுமே என்று நினைப்பதும் தவறு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய துருக்கியில் இருந்த பெர்காமோன் என்ற கிரேக்க அரசின் மன்னர்கள் இந்த அதீனாவை மூன்று மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பளிங்கில் செய்வித்து நூலகத்தை ஒட்டி நிறுத்தினார்கள். அது இப்போது பெர்லினில் இருக்கிறது. அதில் நிற்கும் வாகு ஃபீடியாஸுடையது, முகமும் துணியின் கனமும் பெர்காமோன் காலத்தவை. ரோமானியர் ஆட்சியிலும் உளி பிடித்தவர்களில் பெரும்பாலோர் கிரேக்கர்களே; ‘ரோமானிய நகல்’ என்பதில் ‘ரோமானிய’ என்பது காலத்தையும் வாங்கியவரையும் குறிக்கிறது.

நகல்களை ஒப்பிட்டு மூலத்தை மீட்கும் கலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபுர்ட்வெங்லர். ஓலைச்சுவடிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு மூலபாடம் காண்பது போன்ற வேலை இது. இத்தாலியின் பொலோன்யாவில் இருந்த ஒரு தலையும், டிரெஸ்டனில் இருந்த தலையில்லாத அதீனா உடலும் ஒரே மூலத்தின் நகல்கள் என்று கண்டு, இரண்டையும் பிளாஸ்டரில் பொருத்திக்காட்டி, இதுவே பவுசானியஸ் புகழ்ந்த ஃபீடியாஸின் ‘லெம்னோஸ் அதீனா’ என்று 1893-இல் வெளியிட்டார். தலையும் உடலும் பொருந்திய விதம் இன்றும் வியக்கவைக்கிறது. ஆனால் அது லெம்னோஸ் அதீனாதான் என்பதற்குக் காசும் இல்லை, தெளிவான வருணனையும் இல்லை. 1980-களிலிருந்து ஐயம் வலுத்திருக்கிறது. இதைவிட மோசமான எடுத்துக்காட்டு, குந்தியிருந்து நீராடும் அப்ரோடைட்டி. அதைச் செய்தவர் டொயிடால்சஸ் என்று பல புத்தகங்களில் காணலாம். பிளினியின் கையெழுத்துப் படிகளில் சிதைந்துபோயிருந்த ஒரு சொல்லைத் திருத்தப்போய்ப் பிறந்த சிற்பி அவர்!

இத்தகைய சறுக்கல்களாலும், ரோமானியர் சிலைகளைப் பயன்படுத்திய விதத்தை நெருங்கிப் பார்த்ததாலும், கடந்த நாற்பது ஆண்டுகளில் அறிஞர்களின் பார்வை மாறியிருக்கிறது. ஒத்த தோற்றமுள்ள சிலைகள் இருந்தாலே அவற்றுக்குப் பின்னால் ஒரு கிரேக்க மேதையின் தொலைந்த மூலம் இருந்தாக வேண்டும் என்பதில்லை; சிசரோவைப் போன்றவர்கள் தோட்டத்துக்கும் நீராட்டுக்கூடத்துக்கும் பொருந்தும் உருவம் கேட்டார்கள், சிற்பக்கூடங்கள் வழக்கமான வடிவங்களைக் கூட்டியும் குறைத்தும் செய்துகொடுத்தன. இவற்றை ‘ஈயடிச்சான் காப்பி’ என்று தள்ளுவது பொருந்தாது. கோபன்ஹேகனில் உள்ள கிளிப்டோடெக்கில் ஒரு சிலை இருக்கிறது: கழுத்துக்குக் கீழே இளமை மாறாத நிர்வாண வீனஸ், கழுத்துக்கு மேலே, கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாகரிகமாக இருந்த, நெற்றிக்கு மேல் தேன்கூடு போல உயர்ந்த சுருள்முடி அலங்காரத்தோடு ஒரு நடுவயதுப் பெண்மணியின் உண்மை முகம். நமக்கு அது விநோதம். அதைச் செய்வித்த குடும்பத்துக்கு, அந்த அம்மையாரின் அழகையும் மகப்பேற்றையும் தெய்வத்தின் உடலால் போற்றும் மரியாதை.

இனி ஒரு ரோமானிய நகலின் முன் நிற்கும்போது முதலில் பெயர்ப்பலகையில் எவையெவை பிற்காலத்தில் பொருத்தியவை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கல்லின் நிறமும் மெருகும் மாறும் இணைப்புக் கோடுகளைத் தேடுங்கள். மூனிக் நகரின் கிளிப்டோதேக்கில் குழந்தையை ஏந்தி நிற்கும் பெண்தெய்வம் இதற்கு நல்ல பயிற்சி. அதன் மூலம், பிராக்சிட்டலீஸின் தந்தையாக இருக்கலாம் என்று கருதப்படும் கெஃபிசோடோட்டஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்குச் செய்த வெண்கலச் சிலை. நகலின் குழந்தை கையில் ஒரு குடம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் கலை வரலாற்றாசிரியர் வின்கெல்மன் இதைச் சிறுவன் டயோனிசஸை வளர்த்த ஈனோ என்று நினைத்தார். மதுக்கடவுளின் கையில் குடம் இருப்பதில் வியப்பில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிஷ் புருன், பவுசானியஸின் குறிப்பையும் ஏதென்ஸ் காசையும் கொண்டு, இவள் அமைதியின் தெய்வம் எய்ரீனே என்றும், குழந்தை செல்வத்தின் கடவுள் புளூட்டோஸ் என்றும் காட்டினார். கி.மு. 360-ஐ ஒட்டிய ஏதென்ஸ் பரிசுச்சாடிகளில் தீட்டிய இதே உருவத்தில் இருப்பது குடம் அன்று, கனிகள் நிறைந்த வளக்கொம்பு. குடம், பின்னாளில் பழுதுபார்த்தவர் தாம் நினைத்த கதைக்கு ஏற்பச் செய்துவைத்தது. இன்றும் அந்தக் குழந்தையின் கையிலேயே இருக்கிறது.